மெயில் சர்வருக்கு எத்தனை காது வைப்பது?

கேள்வி, தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர். மே 5, 2024, மாலை 6.10

அண்ணா, நான்கு ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். புதிதாக அல்மாலினக்ஸ் 9 (ரெட்ஹாட் வகை லினக்ஸ்) போட்டு அதில் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை ஏற்றினேன். சர்வரில் உட்கார்ந்து சோதித்தால் மெயில் போகிறது. மாடியில் இருக்கும் ஸ்கேனரிலிருந்து அனுப்பினால் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்து நிற்கிறது. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு நெட்வொர்க். தேடிப் பார்த்து, எந்தெந்த ஐபி முகவரியில் மெயிலுக்காகக் காத்திருப்பது என்று சொல்லும் இனெட்_இன்டர்ஃபேசஸ் என்ற வரியில் ஆல் (எல்லா முகவரியும்) என்று போட்டேன், வேலை செய்கிறது. நீங்கள் எப்போதும் முகவரி முகவரியாக எழுதச் சொல்கிறீர்கள். ஆல் போட்டு ஃபயர்வாலை வைத்துக்கொண்டால் போதாதா? எதற்கு அந்தக் கஷ்டம்?

மே 5, இரவு 9.40

தம்பி, முதலில் அந்த ரெஃப்யூஸ்டு என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அது நல்ல செய்தி. கதவைத் தட்டினீர்கள், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று உடனே பதில் வந்தது. பாதை சரி, இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்த முகவரியில் 25ஆம் போர்ட்டில் (மெயில் வந்து சேரும் வாசல் எண்) கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். "டைம்டு அவுட்" என்று வந்திருந்தால்தான் கவலை. அப்போது ஃபயர்வால் விழுங்குகிறதா, பதில் வேறு பாதையில் போய்த் தொலைகிறதா என்று துழாவ வேண்டும்.

ரெட்ஹாட் குடும்பத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் வரும்போதே இனெட்_இன்டர்ஃபேசஸ் லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் வரும். தனக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த இயல்பு ஆல்; அடக்கி வைத்துக் கொடுப்பது லினக்ஸ் தொகுப்புக்காரர்கள். எந்த முகவரியில் எது கேட்கிறது என்று காட்டும் எஸ்எஸ் -எல்டிஎன்பி என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள் (தட்டும்போது ஆங்கில எழுத்தில், நான் ஒலியைத்தான் எழுதுகிறேன்). 127.0.0.1:25 (சர்வர் தனக்குத்தானே பேசும் லூப்பேக் முகவரி) என்று மட்டும் இருந்தால் ஒரே காது, அதுவும் உள்பக்கம் திரும்பிய காது. 0.0.0.0:25 என்றிருந்தால் உடம்பெல்லாம் காது.

என் கட்சி பழைய கட்சிதான். எந்தெந்த முகவரியில் கேட்க வேண்டுமோ அதை மட்டும் எழுது. போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரே வரி, காற்புள்ளி போட்டு:

இனெட்_இன்டர்ஃபேசஸ் = 127.0.0.1, 192.168.10.5, 192.168.20.5

சேமித்துவிட்டு ரீலோட் (நிறுத்தாமலே அமைப்பை மறுபடி படிக்க வைப்பது) கொடுங்கள், முடிந்தது. ஃபயர்வாலை ஒருநாள் யாராவது அணைத்துவிட்டுப் போனாலும், காது இல்லாத முகவரியில் யாரும் வந்து கத்த முடியாது.

மே 6, காலை 7.15

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ரீலோட் போதாது. இந்த ஒரு அமைப்பை மாற்றினால் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டும். ரீலோட் கொடுத்தால் பிழை எதுவும் திரையில் காட்டாது, பழைய காதுகளோடே ஓடும். லாகில் (நடந்ததை எழுதி வைக்கும் பதிவேட்டில்) மட்டும் முனகும்: மதிப்பு மாறியிருக்கிறது, அதைக் கண்டுகொள்ளவில்லை, நிறுத்தித் தொடங்கு என்று. ஐபிவி4ஆ, ஐபிவி6ஆ என்று சொல்லும் இனெட்_புரோட்டோகால்ஸ் வரிக்கும் இதே கதைதான்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இரவு ஒன்பதரைக்குக் கையில் தோசைத் தட்டோடு எழுதினால் இப்படித்தான்.

மே 6, இரவு 10.05

ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள், உன் சர்வரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. சொல்கிறேன், இல்லாவிட்டால் மேலே பேசுவது விளங்காது.

நான் வேலை பார்ப்பது காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு மாங்கூழ் ஆலை. பத்து மாதம் ஊர் தூங்கும், இரண்டு மாதம் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஜூனில் பெங்களூரா வரத் தொடங்கினால் (கடையில் தோத்தாபுரி, இங்கே பெங்களூரா) லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எடைச்சீட்டு, அதன் நகல் அக்கவுண்ட்ஸுக்கு மெயிலாகப் போகும். வெளிநாட்டு பையர்களுக்குப் போகும் கப்பல் காகிதங்கள் ஸ்கேனரிலிருந்தே மெயிலாகும். இரண்டுமே நின்றால் அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும்.

இயந்திரம் ஒன்றுதான். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் 2.10. சிரிக்காதீர்கள், ஜூன் 30ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிகிறது, தெரியும். போன மாதம் வரை அதில் ஒரே முகவரி, முதல் இன்டர்நெட் லைனின் நிலையான ஐபி. இப்போது நான்கு:

203.0.113.10 என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய லைன். 198.51.100.20, புது ஃபைபர் லைன். 192.168.10.5 ஆபீஸ் பக்கம். 192.168.20.5 எடைமேடை, ஸ்கேனர், கேமரா இருக்கும் பக்கம்.

முதல் இரண்டும் நிஜமல்ல. உதாரணம் எழுதுவதற்கென்றே ஒதுக்கி வைத்த முகவரிகள், 2010இல் ஆர்எஃப்சி 5737 என்ற இணைய விதி ஆவணத்தில் ஒதுக்கினார்கள். நிஜ ஐபியைப் பொதுவில் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கும் வேண்டாம்.

மே 9, மதியம்

தர்மபுரித் தம்பியின் அடுத்த கேள்வி: "வெளி ஐபியை அந்த வரியில் போட்டேன், போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது."

உங்கள் வெளி ஐபி சர்வரில் இல்லை, ரூட்டரில் இருக்கிறது. ரூட்டர் அதை வாங்கி உள்ளே 192.168க்குத் திருப்பி விடுகிறது. தெருமுனையில் இருக்கும் தபால்பெட்டியை என் வீட்டு வாசலில் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் எப்படி? ஐபி ஏ என்று இரண்டே வார்த்தை தட்டுங்கள். அதில் வருகிற முகவரிகளை மட்டும்தான் இனெட்_இன்டர்ஃபேசஸில் எழுதலாம். வெளி முகவரியை ப்ராக்ஸி_இன்டர்ஃபேசஸ் என்ற வேறு வரியில் எழுதுங்கள். அது காது வைக்காது. "அந்த விலாசமும் நான்தான்" என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரிவிக்கும். மாற்று எம்எக்ஸாக (முதல் மெயில் சர்வர் படுத்தால் மெயிலை வாங்கி வைக்கும் இரண்டாவது சர்வராக) இருக்கும் சர்வரில் இதை எழுத மறந்தால், முதல் சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் தன் வெளி முகவரிக்கே மெயிலைத் தூக்கிக்கொண்டு ஓடி, சுற்றிச் சுற்றி வரும்.

மே 12, ஞாயிறு

இன்று லீவு நாளில் ஃபைபர் லைனை மெயில் சர்வருக்குச் சேர்த்தேன். வரியில் நான்காவது முகவரியை எழுதினேன், நிறுத்தினேன், தொடங்கினேன். எஸ்எஸ் கட்டளையில் நான்கு காதும் அழகாக வரிசையாக நிற்கின்றன. சர்வரில் இருந்தபடியே டெல்நெட் (போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் கட்டளை) அடித்தால் நான்கிலும் 220 வருகிறது.

இடையில் ஒன்று. தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் கேள்வி கேட்பதும் ஒன்றே. மெயில் சர்வர்கள் பேசும் மொழியான எஸ்எம்டிபியில் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். அந்த 220 வரிதான் அவர் சொல்லும் வணக்கம். வந்தவர் அதுவரை பேசாமல் நிற்க வேண்டும். வணக்கம் வருமுன்னே அவசரமாகப் பேச ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பாம் அனுப்பும் நிரல்கள். போஸ்ட்ஃபிக்ஸின் வாயிற்காவலனான போஸ்ட்ஸ்கிரீன் அதை வைத்தே ஆளைப் பிடிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியே கேட்டுக்குப் போய் என் போன் நெட்டிலிருந்து புது முகவரிக்கு 587இல் (லாகினோடு மெயில் அனுப்பும் போர்ட்) அடித்தால் டைம்டு அவுட். பழைய முகவரிக்கு உடனே வருகிறது. ஃபயர்வாலை முழுதாக இறக்கிப் பார்த்தேன், அப்போதும் டைம்டு அவுட். நாளைக்கு, கம்பியில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்க்கிறேன்.

மே 13, இரவு

பார்த்துவிட்டேன். இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ஃபைபர் கார்டு, இன்னொன்றில் பழைய லைன் கார்டு. போனில் அடித்ததும் ஃபைபர் ஜன்னலில் எஸ் (கனெக்‌ஷன் கேட்பது) என்ற கொடியோடு பாக்கெட் வந்து இறங்குகிறது. அதே நொடியில் மற்ற ஜன்னலில் எஸ் புள்ளி (கேட்டதற்குச் சம்மதம்) என்ற பதில் வெளியே போகிறது. அனுப்புநர் முகவரி 198.51.100.20, போகும் கம்பி பழைய லைனின் கம்பி. ஒரு நொடி கழித்து மறுபடி எஸ், மறுபடி எஸ் புள்ளி. போனுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

காரணம் எளிது. லினக்ஸ் பதில் அனுப்பும்போது எந்தக் கார்டில் வந்தது என்று பார்ப்பதில்லை, எங்கே போக வேண்டும் என்றுதான் பார்க்கும். டீஃபால்ட் ரூட் (தனி வழி சொல்லாததெல்லாம் போகும் பாதை) பழைய லைனில் இருந்தால் எல்லாப் பதிலும் அந்தப் பக்கம்தான். பழைய லைன்காரர் தன் வாடிக்கையாளரிடமிருந்து அடுத்தவன் முகவரி போட்ட பாக்கெட் வந்தால் தூக்கி எறிந்துவிடுவார். எறியத்தான் வேண்டும், ஆர்எஃப்சி 2827 அதைத்தான் சொல்கிறது, 2000ஆம் ஆண்டிலிருந்து. அவர் செய்தது சரி, நான் செய்ததுதான் பாதி.

ஆக, காது வைப்பது ஒரு வரி வேலை. வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் இந்த வேலையே. இத்தனை வருடம் பட்டியல் நல்லதா, ஆல் நல்லதா என்று சண்டை போட்டதில் இதை யாரும் பேசவில்லை, நானும்தான்.

மே 18, சனி

டீஃபால்ட் ரூட்டை ஃபைபருக்கு மாற்றிவிட்டேன். வேகமான லைன், எல்லாம் அதிலேயே போகட்டும். போனில் சோதித்தேன், புது முகவரி பேசுகிறது. தீர்ந்தது.

மே 27, திங்கள்

தீரவில்லை. மேலே மே 18இல் எழுதியதைப் படித்தவர்கள் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டு கெடுதல் நடந்திருக்கிறது, ஒன்பது நாளாக எனக்குத் தெரியவில்லை. முதலாவது, புது முகவரி பேச ஆரம்பித்த அன்றே பழைய முகவரி ஊமையாகிவிட்டது. அதே நோய், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. அப்புறம் எப்படி மெயில் வந்துகொண்டிருந்தது? எங்கள் டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவில் பழையதற்கு 10, புதியதற்கு 20 (சிறிய எண் முதலில்) என்று இரண்டையும் போட்டிருந்தேன். அனுப்புகிறவர்கள் 10இல் முட்டி, காத்திருந்து, 20க்கு வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மாற்று ஏற்பாடு நன்றாக வேலை செய்தால் உடைந்தது தெரியாமலே போய்விடுகிறது.

இரண்டாவதுதான் பெரிது. ஒரு வெளிநாட்டு பையருக்குப் போன சாம்பிள் ரிப்போர்ட் 550 (ஏற்க மறுப்பு) என்று திரும்பி வந்தது. காரணம், அனுப்பிய ஐபிக்கு பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இல்லை. பழைய லைனுக்கு பிடிஆர் வாங்கி வைத்திருந்தேன், புது லைனுக்கு இன்னும் கேட்கவே இல்லை. மெயில் எப்போது புது லைன் வழியாகப் போக ஆரம்பித்தது? நான் அனுப்பும் அமைப்பைத் தொடவே இல்லையே?

ஆவணத்தைப் படித்தால் அங்கே இருக்கிறது. இனெட்_இன்டர்ஃபேசஸில் லூப்பேக் அல்லாத ஒரே ஒரு ஐபிவி4 முகவரியை மட்டும் எழுதியிருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்பும்போதும் அதையே தன் முகவரியாக வைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் எழுதினால் அந்த வழக்கம் போய்விடும், எந்த முகவரியில் போவது என்பதை கர்னல் (லினக்ஸின் மையம்) ரூட்டைப் பார்த்து முடிவு செய்யும். இத்தனை வருடம் ஒரே முகவரி எழுதியிருந்ததால் எனக்குத் தெரியாமலே ஒரு சௌகரியம் நடந்துகொண்டிருந்தது. கேட்கும் வரியைத்தான் மாற்றினேன், குரல் மாறிவிட்டது.

கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் பிடிஆர் கேட்கிறது. தினம் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் சட்டம் அதிகம். ஆகவே "சின்ன ஆபீஸ்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற பேச்சு இனி ஆகாது.

மே 27, இரவு 11.30

செய்த சிகிச்சை. ஃபைபருக்குத் தனி ரூட் பட்டியல் ஒன்று, எண் 200 என்று வைத்தேன். அதற்குள் டீஃபால்ட் ஃபைபர் பக்கம். அப்புறம் ஒரு விதி: ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.20 டேபிள் 200. அனுப்புநர் முகவரி இதுவானால் அந்தப் பட்டியலைப் பார் என்று பொருள். பழைய லைனுக்கு இதே மாதிரி 100. இப்போது எந்தக் காதில் கேட்டதோ அந்தப் பக்கமே வாயும் திறக்கிறது. இரண்டு ஜன்னலும் வைத்துப் பார்த்தேன், எஸ்ஸும் எஸ் புள்ளியும் ஒரே ஜன்னலில். பார்க்க அவ்வளவு அழகு.

இந்த இரண்டு விதிகளும் ரீபூட் ஆனால் மறைந்துபோகும். கார்டின் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வையுங்கள். நான் எழுதிவிட்டேன். (ஆமாம், முதல் தடவை எழுதவில்லை.)

வெளியே போகும் குரலை (அனுப்பும் முகவரியை) எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ் = 203.0.113.10 என்று மெயின்.சிஎஃப்பில் கட்டினேன்.

மே 28, காலை

மெயின்.சிஎஃப்பில் அல்ல. போஸ்ட்ஃபிக்ஸின் உள்வேலைக்காரர்களைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப்பில், எஸ்எம்டிபி என்று தொடங்கும் யூனிக்ஸ் வகை வரிக்குக் கீழே, -ஓ போட்டு எழுதுங்கள். பொதுவாகக் கட்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் தனக்குள்ளே வைரஸ் வடிகட்டிக்கு மெயிலைக் கொடுக்கும்போதும் வெளி முகவரியைப் போட்டுக்கொண்டு போகிறது. வடிகட்டி 127.0.0.1ஐ மட்டும்தான் உள்ளே விடும், "யார் நீ" என்றது. காலை எட்டு மணிக்கு வரிசையில் இருநூறு மெயில்.

மாஸ்டர்.சிஎஃப்பில் கை வைப்பவர்களுக்கு: -ஓ வரி இடம் விட்டுத் தொடங்க வேண்டும், சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடக் கூடாது. மெயின்.சிஎஃப்பில் விட்ட பழக்கத்தில் இங்கேயும் விட்டு எத்தனை பேர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்களோ. எந்த ஐபி எங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இரண்டு லைன் ஐபியையும் எழுதிவிட்டேன், என்றாவது அந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை.

ஜூன் 2

பாலக்கோட்டிலிருந்து ஒருவர், எக்சிம் என்ற வேறு மெயில் சர்வர் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே லோக்கல்_இன்டர்ஃபேசஸ் என்ற வரி. பட்டியலைப் பிரிக்க முக்காற்புள்ளி (:). ஐபிவி6 முகவரிக்குள்ளேயே அந்த முக்காற்புள்ளி இருப்பதால் ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக எழுத வேண்டும், அல்லது பட்டியலின் தொடக்கத்தில் < குறியும் அரைப்புள்ளியும் போட்டுப் பிரிப்பானை மாற்றிக்கொள்ள வேண்டும். டெபியனில் டிசி_லோக்கல்_இன்டர்ஃபேசஸில் அரைப்புள்ளியே போட்டு வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். பழைய சென்ட்மெயில் சர்வர்க்காரர்கள் ஒரு முகவரிக்கு ஒரு டீமன்_ஆப்ஷன்ஸ் வரி எழுதி, எம்4 என்ற நிரலில் அரைக்க வேண்டும். சென்ட்மெயில் இன்னும் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான் எனக்குத் தெரியும், அவர் கேள்வி கேட்கிற ஆள் இல்லை, பதில் சொல்கிற ஆள்.

ஜூன் 4

தர்மபுரித் தம்பி அனுப்பிய ஒரு வரிக் கேள்வி என் வயிற்றைக் கலக்கிவிட்டது. "அண்ணா, போஸ்ட்கான்ஃப் மைநெட்வொர்க்ஸ் என்று தட்டினால் உங்களுக்கு என்ன வருகிறது?"

தட்டினேன். லாகின் கேட்காமல் யாரையெல்லாம் நம்புவது என்ற அமைப்பைக் காட்டும் கட்டளை அது. 198.51.100.0/24 என்று ஒரு வரி வந்தது. நான் எழுதவே இல்லை.

போஸ்ட்ஃபிக்ஸ் 3க்கு முன்னால் மைநெட்வொர்க்ஸை நாமாக எழுதாவிட்டால், தான் காது வைத்திருக்கும் ஒவ்வொரு முகவரியின் சப்நெட்டையும் (அது இருக்கும் முகவரித் தெருவையும்) சொந்தக்காரர்களாக எடுத்துக்கொள்ளும். பழைய லைனில் எங்களுக்குச் சின்னத் துண்டு, எட்டே முகவரி, எல்லாம் எங்களுடையது. ஃபைபரில் 256 முகவரி கொண்ட தெருவில் ஒரு வீடுதான் எங்களுடையது. தெரு முழுக்க யார் வந்தாலும் லாகின் கேட்காமல் எங்கள் சர்வர் வழியாக ஊருக்கெல்லாம் மெயில் அனுப்பலாம் என்று இருபது நாளுக்கு மேலாகக் கதவு திறந்திருக்கிறது. லாகைத் தேடினால் ஒரு பக்கத்து முகவரி அதைக் கண்டுபிடித்து நாற்பது, ஐம்பது அனுப்பியும் பார்த்திருக்கிறது. கையால் எழுதிவிட்டேன்: 127.0.0.0/8, உள் நெட்வொர்க் இரண்டு, வேறு எதுவும் இல்லை.

முகவரிகளைப் பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு என்று மே 5இல் மார்தட்டினேன். ஓட்டை அந்தப் பட்டியலில் நான் எழுதிய நான்காவது முகவரி வழியாகவே வந்தது. தம்பிக்கு ஒரு பெட்டி மல்கோவா கடன்.

ஜூன் 9, ஞாயிறு, அதிகாலை 4.20

தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

இரவு ஒரு மணிக்குக் காற்றும் மழையும், கரண்ட் போனது. யுபிஎஸ் பாட்டரி ஏற்கெனவே கிழம், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் எல்லாம் அணைந்து எழுந்தது. ஒன்றே முக்காலுக்கு எடைமேடைப் பையன் போன்: "சார், சீட்டு போக மாட்டேங்குது, பதினோரு வண்டி நிக்குது, டிரைவருங்க சத்தம் போடறாங்க." வண்டியில் கிளம்பி வந்தேன்.

போஸ்ட்ஃபிக்ஸ் எழவே இல்லை. லாகில்: இனெட்_இன்டர்ஃபேசஸ், 198.51.100.20 என்ற முகவரிக்கு உள்ளே கார்டு எதுவும் இல்லை, ஃபேட்டல். ஃபைபர் கார்டு தன் முகவரியை டிஹெச்சிபியில் (லைன் தரும் முகவரியைத் தானாக வாங்கும் முறை) வாங்குகிறது. ஃபைபர் மோடம் எழுந்து உட்கார இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். சர்வர் நாற்பது நொடியில் தயார். பட்டியலில் நான்கு பேரில் ஒருவர் வரவில்லை என்பதற்காக போஸ்ட்ஃபிக்ஸ் மற்ற மூன்று காதையும் திறக்காமல் செத்துவிட்டது. எடைமேடைக்கும் ஃபைபருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஒரே வரியில் எழுதியதுதான் சம்பந்தம்.

கையால் தொடங்கினேன், ஓடியது. மூன்று மணிக்கு வரிசை காலியானது. டீ வாங்கிக் கொடுத்தது லாரி டிரைவர்தான், நான் அல்ல.

ஜூன் 10

மூன்று யோசனை சொன்னீர்கள். மூன்றையும் பார்த்தேன்.

ஒருவர், கர்னலில் ஐபி_நான்லோக்கல்_பைண்ட் 1 என்று போட்டால் இல்லாத முகவரியிலும் காது வைக்கலாம் என்றார். உண்மைதான், ஆனால் இங்கே உதவவில்லை. கர்னல் விட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் தானே பட்டியலை எடுத்துக்கொண்டு கார்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒன்று குறைந்தால் விழுகிறது. மாஸ்டர்.சிஎஃப்பில் முகவரி:போர்ட் என்று நேராக எழுதும் வரிகளுக்கு இந்த ஒப்பீடு இல்லை, அங்கே உதவும்.

இன்னொருவர், சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டியில் நெட்வொர்க்-ஆன்லைன் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்றார். இப்போது வெறும் நெட்வொர்க்.டார்கெட்டுக்குப் பின் என்றுதான் இருக்கிறது, அது முகவரி வந்துவிட்டது என்ற உறுதி தராது. மாற்றினேன். ஆனால் ஃபைபர் அறுந்து கிடக்கும் ராத்திரி ஒன்றில் காத்துக் காத்து அப்புறம் அதே ஃபேட்டல்தானே?

மூன்றாவது, தர்மபுரித் தம்பி. ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: "ஆல்."

ஜூன் 12

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆல் போட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 0.0.0.0இல் காது வைக்கிறது. அப்புறம் எந்தக் கார்டு எப்போது வந்தாலும் போனாலும் அதற்குக் கவலை இல்லை, முகவரி வந்த நொடியில் பதில் சொல்லும். மூன்று நிமிடம் கழித்து வரும் மோடமுக்காக எடைமேடை பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு காதுக்கு ஒரு சட்டம் வேண்டும். எடைமேடைப் பக்கம் லாகின் இல்லாமல் வரலாம், வெளியே இருந்து வருகிறவர் எங்கள் டொமைனுக்கு மட்டும்தான் போடலாம். மாஸ்டர்.சிஎஃப்பில் 192.168.20.5:25 என்று தனி வரி எழுதினால் தனிச் சட்டம் வைக்கலாம். ஆல் இருக்கும்போது அதை எழுதினால் "முகவரி ஏற்கெனவே உபயோகத்தில்" என்று சண்டை, உடம்பெல்லாம் காது என்ற பிறகு ஒட்டுக் காதுக்கு இடம் இல்லை. ஆகவே எடைமேடைக்குப் போர்ட்டை மாற்றினேன், 192.168.20.5:2525. அந்தக் காதைத் திறக்க போஸ்ட்ஃபிக்ஸ் கார்டுகளைத் தேடாது, அந்தக் கார்டும் நிலையான முகவரி. எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆபீஸ் ஆட்கள் 587இல் லாகினோடு. மீதியை ஃபயர்வால் பார்க்கும், கார்டுவாரியாக.

ஆக, ஆல் போட்டு ஃபயர்வால் வை என்ற மே 5ஆம் தேதிக் கேள்விக்கு ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறேன். மைநெட்வொர்க்ஸைக் கையால் எழுது, ஐபி ரூல் போடு, பைண்ட் அட்ரஸைக் கட்டு என்ற மூன்று சுமைகளோடு.

ஜூலை 1

சென்ட்ஓஎஸ் 7 நேற்றோடு முடிந்தது. டெபியன் 12க்கு மாறியாயிற்று. அங்கே மைநெட்வொர்க்ஸ் வரியைத் தொகுப்பே எழுதித் தருகிறது, ஆனாலும் போஸ்ட்கான்ஃப் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெடுத்தேன். ஐபிவி6க்கு பிடிஆர் இல்லாததால் இனெட்_புரோட்டோகால்ஸில் ஐபிவி4 மட்டும்.

ஜூலை 14

முதலாளி பழைய லைனை ரத்து செய்யச் சொல்கிறார், இரண்டு லைனுக்கு எதற்கு வாடகை என்று. ஃபைபருக்கும் பிடிஆர் வந்துவிட்டது, குரலை அதற்கு மாற்றியாயிற்று. இரண்டு வாரம் முன்பே எம்எக்ஸிலிருந்து பழையதை எடுத்துவிட்டேன். டிடிஎல் (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம்) ஒரு மணி நேரம்தான், கணக்குப்படி அன்று மாலையே உலகம் மறந்திருக்க வேண்டும்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எங்கள் வீட்டுக்கு அதற்கு அப்புறம் பல வருடம் "தர்மபுரி மாவட்டம்" என்றே கடிதம் வந்துகொண்டிருந்தது. தபால்காரர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போவார்.

நேற்று லாகில் பழைய முகவரிக் காதில் மூன்று மெயில். ஒன்று ஸ்பாம், ஒன்று எங்கள் தணிக்கையாளரின் சர்வர், யாரோ அங்கே ஐபியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஒரு டிரம் ஆர்டர். தீபாவளி வரைக்கும் லைன் இருக்கட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தணிக்கையாளர் ஆபீஸ் நான்கு ரோடு பக்கம்தான் இருக்கிறது. தம்பி, அது உங்கள் சர்வரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.